நீக்குங்கள், ஆனால் எங்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு நீக்குங்கள்: கியூஎமு உருவாக்குநர்களுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கியது, இப்போது நான் பார்க்கிறேன். கலியாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், 31ஆம் நாள் நினைவு மலர், இவைதான் எங்கள் பிழைப்பு. எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது, உங்கள் கோடில் ஒரு வரியைக்கூட நான் தொட்டதில்லை. ஆனாலும் பத்து வருடத்துக்கு மேலாகக் கிழமைக்கு ஒரு தடவையாவது கியூஎமுவைத் திறக்கிறவன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பழைய வசதிகளை நீங்கள் நீக்குவதில் எனக்கு மறுப்பில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குள்ள குறை, நீக்கப்போகிறோம் என்று நீங்கள் சொல்லுகிற செய்தி எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேருவதே இல்லை என்பதுதான். நம்மூர் அச்சகக்காரர்களும் கணனிக் கடைக்காரர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே அங்கங்கே திரும்பச் சொல்லவேண்டி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கியூஎமு என்பது ஒரு கணனிக்குள்ளே இன்னொரு கணனியை மென்பொருளாலேயே கட்டி ஓட்டுகிற எமுலேட்டர். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2003இல் தொடங்கியது. இன்றைக்குப் பெரிய பெரிய சர்வர்கள் எல்லாம் லினக்ஸில் உள்ள கேவிஎம் என்ற வசதியோடு சேர்த்து இதை ஓட்டுகின்றன. எங்கள் கடையில் அதற்கு ஒரே ஒரு வேலைதான், விண்டோஸ் 98ஐ உயிரோடு வைத்திருப்பது. நீங்கள் 'பிசி' என்று பெயர் வைத்திருக்கிற இயந்திர வகை, இன்டெல் 1996இல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் சிப்செட்டைப் போலச் செய்கிறது. விண்டோஸ் 98 அதைக் கண்டதும் தன் காலத்து ஆள் என்று அடையாளம் கண்டு பேசாமல் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

இந்தக் காலத்தில் எதற்கு விண்டோஸ் 98 என்று கேட்பீர்கள். 90களின் கடைசியிலிருந்து பல வருடம் அப்பா செய்த வேலை முழுக்க பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில். யூனிகோட் எங்கள் பக்கம் வந்து நிலைக்கும் வரைக்கும் இலங்கையில் தமிழ் அச்சு வேலை என்றால் பாமினிதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் 'அம்மா' என்கிற சொல்கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். எழுத்தை யூனிகோடுக்கு மாற்றித் தரக் கன்வேட்டர்கள் இருக்கின்றன, சரி. பக்கத்தை யார் மாற்றித் தருவது? எந்த வரி எங்கே உடைகிறது, படம் எங்கே நிற்கிறது, ஓரத்துக் கொடி எப்படி வளைகிறது, எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புக்குள்ளே இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001இல் வந்தது. இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் அந்தக் கோப்புகளைத் திறந்தது, அதற்குப் பிறகு வந்தவற்றில் அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது.

எங்கள் இறுவட்டு அலுமாரியில் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல் புத்தகங்கள் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் ஏட்டிலிருந்து வாசிக்க வாசிக்க அப்பா தட்டெழுதிய வடமோடிக் கூத்துகள் இருக்கின்றன, சொன்ன ஆட்களில் பலர் இன்றைக்கு இல்லை. அப்புறம் நூற்றுக்கணக்கான நினைவு மலர்கள். கரையோரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு 2004 டிசம்பர் 26க்கு முந்தின காலத்தில் எஞ்சியிருப்பது இந்த இறுவட்டுகளில் உள்ளதுதான். அதனால் விண்டோஸ் 98 எங்களுக்கு விளையாட்டுப் பொருள் இல்லை.

2011 ஜனவரி வெள்ளத்தில் அந்தப் பழைய கணனியின் போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் தப்பியது. அதை அப்படியே ஒரே கோப்பாக உருவி எடுத்து, கியூஎமுவுக்குள் ஏற்றி, முதல் தடவை அந்த நீல மேகத் திரை வந்தபோது அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் செய்கிற முறை இது. அப்பாவின் டிஸ்க் மூலக் கோப்பு, அதில் யாரும் எழுதக்கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் அதன்மேல் கியூகவ்2 என்ற கியூஎமுவின் சொந்த டிஸ்க் வகையில் ஒரு மெல்லிய படிமம் போட்டு, மாற்றங்கள் எல்லாம் அந்த மேல்படிமத்திலேயே விழுகிற மாதிரி வைத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் மேல்படிமத்தைத் தூக்கி எறிந்துவிடுவோம், அப்பாவின் டிஸ்க் அன்றைக்கு இருந்தபடியே இருக்கும். பேஜ்மேக்கரிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் அது பாரலல் போர்ட்டுக்குப் போகும், கியூஎமு அந்தப் போர்ட்டில் வருவதை வெளியே ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக எழுதிவிடும், அதைப் பிடிஎஃப் ஆக்கினால் இன்றைய பிளேட் வேலைக்கு நேரே போகலாம். இதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, டெஸ்க்டாப்பில் ஒரு ஐகன் வைத்துக் கொடுத்திருக்கிறேன். கடையில் நிற்கிற பிள்ளைகள் அந்த ஐகனை அழுத்துவார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

இப்போது 2024 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன்.

சுனாமி வந்து இருபதாவது வருடம் அது. நாவலடியில் இருந்து திராய்மடுவுக்குக் குடிபோன ஒரு அக்கா கடைக்கு வந்தார். கையில் ஒரு பழைய நினைவு மலர், சொந்தக்காரர் வீட்டில் கிடைத்ததாம், பூச்சி அரித்து நடுப்பக்கங்கள் சல்லடையாகியிருந்தன. 'தம்பி, எங்கட அப்பாட 31க்கு உங்கட அப்பாதான் இந்தப் புத்தகம் அடிச்சுத் தந்தவர். மூணாம் பக்கத்தில நாங்க எல்லாரும் நிக்கிற படம் ஒண்டு இருந்தது. அம்மாட முகம் இப்ப வேற எங்கயும் இல்ல' என்றார். தாயைச் சுனாமி கொண்டுபோனது. வீட்டோடு சேர்த்து ஆல்பமும் போய்விட்டது. 26ஆம் திகதிக்கு அந்தப் படம் பெரிதாக வேண்டும் என்றார்.

இறுவட்டைத் தேடி எடுத்தேன், 2001ஆம் வருடக் கட்டில் இருந்தது. படம் பெரிதாக இருந்தால் முழுப் பிரதியையும் பிரசுரத்துக்குள்ளேயே வைக்கவா என்று பேஜ்மேக்கர் கேட்கும், அப்பா எப்போதும் ஓம் என்றுதான் அழுத்துவார். அதனால் ஸ்கேன் செய்த படம் தனியாக இல்லை, பிரசுரத்துக்கு உள்ளே இருக்கிறது. பேஜ்மேக்கரைத் திறந்தால்தான் எடுக்கலாம். ஐகனை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். கர்சர் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு நின்றது. ஜன்னலும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னம்தான் அந்தக் கணனியை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04இலிருந்து 24.04க்கு ஏற்றியிருந்தேன். ஆனால் எனக்கு முதலில் வந்த பயம் வேறு. அப்பாவின் டிஸ்க் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பேக்கப்பை எடுத்துப் போட்டேன், அதுவும் திறக்கவில்லை. மற்ற பேக்கப்பும் திறக்கவில்லை. மூன்று பிரதியும் ஒரே நேரத்தில் எப்படிப் பழுதாகும் என்று யோசிக்கிற நிதானம் அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை. இரண்டு இரவு இப்படியே போனது. மூன்றாம் நாள் காலையில்தான் ஸ்கிரிப்டை, கட்டளைகளைத் தட்டெழுதுகிற டெர்மினலில் நேரடியாக ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி: சவுண்ட்எச்டபிள்யூ, இன்வேலிட் ஆப்ஷன்.

சவுண்ட்எச்டபிள்யூ என்பது உள்ளே இருக்கிற கணனிக்குச் சவுண்ட் கார்ட் மாட்டுகிற பழைய கட்டளை. பிரசுர வேலைக்குச் சத்தம் எதற்கு? விண்டோஸ் திறக்கும்போது வருகிற அந்த இசையைக் கேட்க அப்பாவுக்குப் பிடிக்கும் என்று எப்போதோ போட்டது. தேவையே இல்லாத ஒரு சொல் தேவையான எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு ஓட்டினேன், ஐந்து நிமிடத்தில் அந்தக் குடும்பப் படம் திரையில் வந்தது. நீலச் சேலையில் ஓரமாக நிற்கிறார் அந்த அம்மா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அந்த இரண்டு இரவுக்கும் பொறுப்பு நான்தான். வாசிக்காமல் ஏற்றியது நான், டெர்மினலில் பார்க்காதது நான். ஆனால் பிறகு உட்கார்ந்து உங்கள் ஆவணங்களை வாசித்தபோது, என்னைப் போன்ற ஒருவன் தவறாமல் தவறுகிற மாதிரியே இந்த வழி அமைந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

சவுண்ட்எச்டபிள்யூவைக் கைவிடப்போகிறோம் என்று நீங்கள் 5.1 பதிப்பிலேயே அறிவித்துவிட்டீர்கள். 7.1இல் எடுத்தீர்கள். உபுண்டு 22.04இல் இருந்தது கியூஎமு 6.2, 24.04இல் இருப்பது 8.2. அப்படியென்றால் 22.04 ஓடிய காலம் முழுக்க, எங்கள் பிள்ளைகள் ஐகனை அழுத்திய ஒவ்வொரு தடவையும், 'இது போகப்போகிறது, பதிலுக்கு இதைப் போடு' என்று உங்கள் மென்பொருள் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. டெர்மினல் இல்லாத இடத்தில் அந்தச் சொல் காற்றோடு போய்விட்டது. கியூஎமுவை நிர்வகிக்கிற லிப்வர்ட் என்ற மென்பொருள் வழியாக ஓட்டுகிறவர்களுக்கு அது ஏதோ ஒரு லாக் கோப்பின் அடியில் போய் விழுகிறது. நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், நான் மறுக்கவில்லை. ஆளில்லாத அறைக்குள் நின்று சொல்லியிருக்கிறீர்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் அதே நாளில் நடந்தது. சவுண்டைச் சரிசெய்து டெர்மினலில் ஓட்டியபோது இன்னொரு எச்சரிக்கை கண்ணில் பட்டது. மின்சக்தி மேலாண்மையை அணைக்கிற நோ-ஏசிபிஐ என்ற சொல் கைவிடப்படவிருக்கிறது, மெஷின் என்பதற்குள் ஏசிபிஐ ஆஃப் என்று எழுதுங்கள் என்று. அந்த இடத்திலேயே மாற்றினேன், ஒரு நிமிட வேலை. 9.0இல் அது போய்விட்டது என்று பிறகு பார்த்தேன், எனக்கு ஒரு சேதமும் இல்லை. கண்ணில் பட்ட எச்சரிக்கை வேலை செய்கிறது.

இனி உங்கள் கால அளவைப் பற்றி. ஒரு வசதியைக் கைவிடும் பட்டியலில் போட்டால் அறிவித்த பதிப்பிலும் அதற்கடுத்த பதிப்பிலும் அது வேலை செய்யும், அதன் பிறகு எடுக்கப்படலாம். இதுதான் உங்கள் விதி. வருடத்துக்கு மூன்று பதிப்பு, ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று வருகிறது, ஆகக் குறைந்த அவகாசம் கிட்டத்தட்ட எட்டு மாதம். உங்களைப் போல ஒவ்வொரு பதிப்பையும் உடனே ஏற்றுகிறவர்களுக்கு எட்டு மாதம் தாராளம். ஆனால் நாங்கள் ஒவ்வொரு பதிப்பையும் பார்ப்பதில்லையே. உபுண்டுவின் நீண்டகால வெளியீடான எல்டிஎஸ் இரண்டு வருடத்துக்கு ஒன்று. டெபியன் என்ற மற்ற லினக்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். நாங்கள் இரண்டு வருடத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டுகிறவர்கள். நடுவில் நீங்கள் எச்சரித்த பதிப்பு எங்கள் கணனிக்கு வந்ததே இல்லை என்றால் அந்த எச்சரிக்கை எங்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்?

மேல்படிம விஷயம் அப்படித்தான் ஆனது. அடியில் இருக்கிற கோப்பின் வகையைச் சொல்லாமல் மேல்படிமம் போடுவதைக் கைவிடுகிறோம் என்று 2020 ஆகஸ்டில் வந்த 5.1இல் அறிவித்தீர்கள். 2021 ஆகஸ்டில் வந்த 6.1இல் எடுத்தீர்கள். உங்கள் விதி கேட்பதைவிடக் கூடுதலாக, முழுதாக ஒரு வருடம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் உபுண்டு 20.04இல் இருந்தது 4.2, அதில் எச்சரிக்கையே கிடையாது. 22.04இல் வந்தது 6.2, அதில் வசதியே கிடையாது. எச்சரித்த அந்த ஒரு வருடம் எங்கள் பாய்ச்சலுக்கு நடுவில் விழுந்துவிட்டது. நோ-ஏசிபிஐயும் டெபியன்காரர்களுக்கு அதே கதைதான். 8.0இல் அறிவிப்பு, 9.0இல் நீக்கம். டெபியன் 12இல் இருப்பது 7.2, 13இல் இருப்பது 10.0.

அப்புறம், வகை சொல்லாமல் மேல்படிமம் போடுகிற வசதியை ஏன் எடுத்தீர்கள் என்று தேடி வாசித்தபோது எனக்கு உங்கள்மேல் மதிப்புத்தான் கூடியது. வகை சொல்லாத டிஸ்க் கோப்பைத் திறக்கும்போது கியூஎமு அதன் தலைப்பகுதியைப் பார்த்து இது இன்ன வகை என்று ஊகிக்கும். உள்ளே ஓடுகிற கணனியில் ஒரு கள்ளன் இருந்தால், தன் டிஸ்கின் தொடக்கத்தில் கியூகவ்2 தலைப்பைப் போலியாக எழுதி, 'என் அடிக்கோப்பு இது' என்று வெளிக்கணனியின் ஏதோ ஒரு ரகசியக் கோப்பின் பெயரைப் போட்டுவிடலாம். அடுத்த தடவை திறக்கும்போது கியூஎமு அதை நம்பி, வெளியே இருக்கிற கோப்பை உள்ளே வாசிக்கக் கொடுத்துவிடும். உறைக்குள் இருக்கிறவனே உறையின் மேல் விலாசம் எழுத விட்ட மாதிரி. இதை எடுக்கத்தான் வேண்டும். எட்டு மாதம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

இந்த இடத்தில் நீங்கள் செய்த நல்ல காரியம் ஒன்றையும் சொல்லவேண்டும். 22.04க்கு ஏறியபோது வந்த பிழைச் செய்தி, அடிக்கோப்பின் வகை சொல்லப்படவில்லை என்று சொன்னதோடு நிற்காமல், நான் பார்த்த அளவில் இது இன்ன வகை என்றும் சொல்லியது. அந்த ஒரு குறிப்பு போதுமாக இருந்தது, பத்து நிமிடத்தில் ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டேன். நீக்கப்பட்ட வசதிதான் இதுவும், சவுண்ட்எச்டபிள்யூ போல. ஒன்று பத்து நிமிடம் எடுத்தது, மற்றது இரண்டு இரவு எடுத்தது.

பழைய கோடை வைத்திருப்பது சும்மா இல்லை என்பது எனக்கு விளங்குகிறது. 2015 மே மாதம் வெனம் என்று பெயர் வைத்து ஒரு ஓட்டை வெளியே வந்ததே, அது உங்கள் ஃப்ளொப்பி கன்ட்ரோலருக்குள் 2004இலிருந்து இருந்தது. உள்ளே இருக்கிறவன் வெளியே வந்துவிடக்கூடிய ஓட்டை. ஃப்ளொப்பியையே யாரும் தொடாத காலத்தில், யாரும் திறந்து பார்க்காத ஒரு மூலையில், பதினொரு வருடம். எங்கள் கடையிலும் யாரும் திறக்காத அலுமாரிக்குள்தான் கறையான் ஏறும். பார்த்துக்கொள்ள ஆளில்லாததை வெளியே எடுப்பதுதான் சரி. எமுலேட்டரை வேகமாக்குகிற ஹாக்ஸ்எம் என்ற மென்பொருளின் வேலையை இன்டெல் 2023இல் நிறுத்தியதும் நீங்களும் அதை 8.2இல் எடுத்தீர்கள். யூனிகோர்32, எல்எம்32, மொக்ஸி போன்ற சிபியூக்களை 6.1இல் எடுத்தீர்கள். இதிலெல்லாம் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை.

கல்லடிப் பாலத்தை நினைக்கிறேன். லேடி மேனிங் பாலம், பழைய இரும்புப் பாலம், ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம். அந்தப் பக்கத்து பஸ் வரும்வரைக்கும் இந்தப் பக்கம் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற காலம் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. காலம் முடிந்த பாலம்தான், யாரும் அதை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே புதிய பாலம் எழும்புவதை ஊர் முழுக்கக் கண்ணால் பார்த்தது. 2013இல் அது திறந்த அன்றைக்கு எந்த பஸ்காரரும் பழைய வழியில் போய் வாவிக்கரையில் திகைத்து நிற்கவில்லை. வழி மாறுகிறது என்பது போகிறவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

ஆகவே என் கேட்பு இது. மனிதர் கையால் எழுதுகிற கட்டளைச் சொற்களுக்கு, எச்சரிக்கை வந்து குறைந்தது ஒரு நீண்டகால வெளியீட்டிலாவது தங்கிய பிறகுதான் நீக்கம் என்று வையுங்கள். புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை. பதிப்பு எண் போட்ட இயந்திர வகைகளுக்கு நீங்களே மூன்று வருடத்தில் கைவிடும் அறிவிப்பு, ஆறு வருடத்தில் நீக்கம் என்று நாட்காட்டி போட்டு வைத்திருக்கிறீர்கள். அதை வாசித்தபோது யாரோ எங்களை நினைத்துப் போட்ட கணக்கு மாதிரி இருந்தது. சேமித்து வைத்த இயந்திர நிலைகள், உள்ளே இருக்கிற விண்டோஸ் பார்த்துப் பழகிய வன்பொருள், எல்லாம் அந்தப் பெயர்களில் தங்கியிருப்பதால்தான் அவ்வளவு அவகாசம் கொடுக்கிறீர்கள். கட்டளைச் சொற்களிலும் ஆட்கள் அதே மாதிரித் தங்கியிருக்கிறார்கள். பாதுகாப்பு ஓட்டை என்றால் உடனே எடுங்கள், அதற்கு விலக்கு வையுங்கள். சவுண்ட் கார்ட் மாட்டுகிற சொல்லுக்கு என்ன அவசரம்?

எச்சரிக்கையை ஜன்னலிலேயே காட்டுங்கள். கியூஎமு ஜன்னல் திறக்கிறது, அதற்கு ஒரு தலைப்புப் பட்டை இருக்கிறது. 'இந்த அமைப்பில் விரைவில் நீக்கப்படவுள்ள சொல் ஒன்று உள்ளது' என்று அங்கே இரண்டு நொடி வந்தாலே போதும், கடைப்பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் காட்டும். சர்வர்காரர்களுக்கு அது தொந்தரவு என்றால் அடைத்து வைக்க ஒரு வழி கொடுங்கள். நிரல் எழுதுகிறவர்களுக்காகக் கொம்பாட் என்ற வசதியை 6.0இல் கொண்டுவந்தீர்கள், கைவிடப்பட்டவற்றை நிராகரி என்று சொல்லி முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாம். நல்ல வேலை. ஆனால் அது நிரல் பேசுகிற இடைமுகத்துக்கு. கைவிடும் பட்டியலில் யாராவது கை வைத்தால் லிப்வர்ட் ஆட்களுக்கும் செய்தி போகும்படி உங்கள் பராமரிப்பாளர் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். நிரலுக்கு நிரல் சொல்லிக்கொள்கிற ஒழுங்கு அவ்வளவு அழகாக இருக்கிறது. ஐகனை அழுத்துகிற ஆளுக்கு மட்டும் ஒருவரும் இல்லை.

நீக்கிய பிறகும் அந்தப் பெயரை மட்டும் விட்டுவையுங்கள். வசதி வேண்டாம், பெயர் போதும். அந்தச் சொல்லைக் கண்டால் 'இது 7.1இல் நீக்கப்பட்டது, இப்போது டிவைஸ் என்று போட்டு எழுதுங்கள்' என்று சொல்லிவிட்டு நிற்கட்டும். இடம் மாறின கடைக்காரர் பழைய கடையின் பூட்டின கதவில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டிவிட்டுப் போவார், எங்கே போனார் என்று. அடிக்கோப்பு விஷயத்தில் நீங்கள் அதைத்தான் செய்தீர்கள், மற்றதற்கும் செய்யலாம்.

அறிவிப்பை எழுதுகிற மொழியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 32 பிட் கைவிடப்படுகிறது என்று 10.0இல் சொன்னீர்கள். அது வெளியே நிற்கிற கணனியின் 32 பிட். உள்ளே ஓடுகிற விண்டோஸ் 98க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தத் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, இனிப் பழைய விண்டோஸ் ஓடாதாமே என்று என்னிடம் கேட்ட ஆட்கள் இருக்கிறார்கள். 'உங்கள் பழைய மெய்நிகர் இயந்திரங்களுக்கு ஒன்றும் ஆகாது' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

உபுண்டுவிலும் டெபியனிலும் இதைப் பொதி செய்கிறவர்களிடமும் ஒரு சொல். நடுவில் எத்தனை பதிப்பு தாண்டுகிறோம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஏற்றும்போது அந்த இடைவெளிக்குள் நீக்கப்பட்டவற்றின் பட்டியலை, அந்த இடைவெளிக்கு மட்டுமானதை, ஒரே பக்கமாக முன்னால் வைத்துவிட்டால் நல்லது.

நம்மூர் ஆட்களுக்கும் சொல்கிறேன், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் காத்தான்குடியிலும் இதே மாதிரிப் பழைய பேஜ்மேக்கரை எமுலேட்டருக்குள் வைத்து ஓட்டுகிற அச்சகங்கள் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே உங்கள் ஸ்கிரிப்டை ஒரு தடவை டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். 'வார்னிங்' என்று வருகிற வரிகளை எழுதி வையுங்கள். கணனியை ஏற்றுவதற்கு முன்னம் கியூஎமு ஆவணத்தில் கைவிடும் பட்டியலையும் நீக்கிய பட்டியலையும் வாசியுங்கள், விளங்காவிட்டால் கடைக்கு வாருங்கள், இருந்து பார்ப்போம்.

உருவாக்குநர்களே, கேட்டுவிட்டு மட்டும் போக எனக்கு மனமில்லை. ஜன்னலில் காட்டுகிற எச்சரிக்கைச் சொற்களையும், கைவிடும் பட்டியலில் எங்களைப் போன்றவர்களுக்குப் படுகிற பகுதிகளையும் தமிழில் எழுதித் தர நான் ஆயத்தம், நல்ல தமிழில், வாசிக்கிறவருக்கு விளங்குகிற மாதிரி. அத்தோடு, நீங்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் விடுகிற ஆர்சி என்ற சோதனைப் பதிப்புகளைக் கடையில் ஒரு தனிக் கணனியில் ஏற்றி, அப்பாவின் டிஸ்கைத் திறந்து, ஒரு குளிர்த்திப் பாடல் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பாரலல் போர்ட் வழியாக வெளியே எடுத்துப் பார்த்து, வந்ததா இல்லையா என்று உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன். கணனியைத் தயார் செய்து வைத்துவிட்டேன். அடுத்த ஆர்சி வருகிற கிழமையிலிருந்து தொடங்குகிறேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து ஒரு அச்சகக்காரன்